முதலில் வெளியே போவது யார்

எனக்கு வாய் நீளம். அதனால்தான் பள்ளிக்கூட வேலை போனது, அதனால்தான் பட்டாசுக் கம்பெனி வேலையும் போனது. இரண்டுக்கும் வருத்தப்படவில்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. முதல் வேலைக்காக ஒரு வாரம் அழுதேன். இரண்டாவதற்கு அழவில்லை. ஏன் அழவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் ஆரம்பம். ஆசிரியர் பயிற்சி முடித்து, விருதுநகரில் ஒரு சின்னப் பள்ளியில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். தலைமையாசிரியர் பிள்ளைகளை வெயிலில் முட்டி போட வைத்தார். அதை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். மறுநாள் என் நாற்காலியில் வேறொருத்தி இருந்தாள். அப்போதுதான் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு எழுதப் படிக்கத் தெரிந்த பெண் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

வேலை என்னவென்று மேனேஜர் ஒரே மூச்சில் சொன்னார். "புதுசா வாற பொம்பளைகளுக்கு இந்த விதிகளை வாசிச்சுக் காட்டணும். அவுக கைநாட்டு வைப்பாக. கீழ நீங்க கையெழுத்துப் போடணும். அம்புட்டுதான் டீச்சர்."

பதினோரு விதிகள். நெருப்புப்பெட்டி கொண்டுவரக் கூடாது, இரும்புச் சாமான் கூடாது, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று வரிசையாகப் போகும். எழுதியவர் யாரோ, வேட்டி மடிப்புக் கலையாமல் எழுதியிருந்தார். ஏழாவது விதி இது: "தீ உண்டாகும் பட்சத்தில் தொழிலாளர் அனைவரும் கால தாமதமின்றி அறையை விட்டு வெளியேறுதல் வேண்டும்."

வந்த பெண்களெல்லாம் ஆமத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரிகள். நேற்றுவரை பருத்திக் காட்டில் களை வெட்டியவர்கள். மழை ஏமாற்றியதும் களைக்கொத்தைச் செருகி வைத்துவிட்டு இங்கே வந்து மருந்தோடு உட்கார்ந்தார்கள். வெடிக்கிற, எரிகிற கலவை எல்லாவற்றுக்கும் இங்கே மருந்து என்றுதான் பெயர். அவர்களுக்கு அந்த ஏழாவது விதி என்ன புரிந்திருக்கும்?

வாசித்துக் காட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நான் டீச்சர் அல்லவா, சொல்லிக் கொடுத்தேன். எப்படித் தெரியுமா? வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதுபோல. வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, நான் ஒரு தரம், அவர்கள் ஒரு தரம். ஒரே மாதத்தில் பதினொன்றையும் தலைகீழாக ஒப்பித்தார்கள். பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தார். மேனேஜர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன். இன்றைக்கு நினைத்தால் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மாமியாருக்கு ஐம்பது வயது இருக்கும். கறுத்த, உயர்ந்த உருவம். பேச்சில் யாரையும் விட்டுவைக்க மாட்டார். மருமகளுக்கு இருபதுகூட ஆகவில்லை. விதிகளை எல்லோரையும்விட நன்றாக ஒப்பித்தவள் அவள்தான். ஏழாவதைச் சொல்லும்போது "கால தாமதமின்றி" என்ற இடத்தில் ஓர் அழுத்தம் கொடுப்பாள். கேட்க அழகாக இருக்கும்.

இருவருக்கும் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறையில் வேலை. சின்ன அறை, ஒரே வாசல். மருமகள் வாசலை ஒட்டி உட்காருவாள். மாமியார் உள்சுவர் ஓரம். நடுவில் வேறு இரண்டு பெண்கள்.

ஒரு நாள் காலையில் தரையில் சிந்திக் கிடந்த மருந்து பற்றிக்கொண்டது. சல்லடையில் கல் கிடந்து உரசியிருக்கும் என்றார்கள். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நான் அலுவலகத்து ஜன்னல் வழியாக வெள்ளைப் புகையைப் பார்த்து ஓடினேன். நடுவில் இருந்த இருவரும் வெளியே நின்றார்கள். மாமியார் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், கடைசியாக, மருமகள் வந்தாள். அவள் முதுகில் சேலை எரிந்துகொண்டிருந்தது.

வாசலை ஒட்டி இருந்தவள் கடைசியாக வந்தாள். மணலில் புரட்டி அணைத்தோம். லோடு ஏற்ற நின்ற லாரியிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். உயிர் பிழைத்தாள். வலது கையும் முதுகும் வெந்துபோயிருந்தன.

மாமியார் என் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினார். "நீங்கதானே டீச்சர் படிச்சுக் குடுத்தீக? என்னத்தப் படிச்சுக் குடுத்தீக?"

அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து, மருமகளின் கைநாட்டுக்குக் கீழே இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். குப்புறப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "வாசல் பக்கத்துலதான இருந்த? ஏன் முதல்ல வெளிய வரல?"

நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தாள். "அத்தை உள்ள இருந்தாகள்ல டீச்சர். அவுகளுக்கு முந்தி நான் எப்படி வாசலத் தாண்டுறது? ஒதுங்கி நின்னேன். அவுக ரெண்டு பேரும் போனாக. பெறவு அத்தை போனாக. பெறவு நான் வந்தேன்."

"ஏழாவது விதி ஞாபகம் இல்லையா?"

"நல்லா ஞாபகம் இருந்துச்சு." படுத்தபடியே அதை முழுதாக ஒப்பித்துக் காட்டினாள். "அதுல அத்தையப் பத்தி ஒண்ணும் இல்லையே டீச்சர்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்கள் ஊரில் மருமகள் மாமியாருக்கு முந்திப் படி தாண்டுவதில்லை. மூத்தவர்கள் உள்ளே இருக்கும்போது இளையவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு போவதில்லை. இது எனக்குத் தெரியாததும் அல்ல. தினமும் சாயந்திரம் கம்பெனி கேட்டில் பார்க்கிறேன். முன்னால் கிழவிகள், பின்னால் குமரிகள். பதினைந்து வருஷம் உடம்பு படித்த பாடத்தை ஒரு மாத ஒப்பிப்பு அழித்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். என் கையெழுத்தையும் போட்டிருந்தேன்.

மறுநாள் மாமியாரைத் தேடிப் போய், மருமகள் சொன்னதை அப்படியே சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வேப்பமரத்து வேரில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினார். பிறகு சொன்னார்.

"எங்கிட்டக் கேக்காம அவ எங்கயும் போனதில்ல. அங்கன நெருப்புல நின்னுக்கிட்டு எப்படிக் கேப்பா? அப்ப நான் காலையிலயே சொல்லிப்புடணும்."

அந்த யோசனை அவருடையது. இன்றுவரை அதை என்னுடையது என்று நான் சொல்லிக்கொண்டதில்லை.

அடுத்த வாரம் ஒப்பிப்பதை நிறுத்தினேன். காலியாக இருந்த ஓர் அறையைக் கேட்டு வாங்கினேன். புஸ்வாணக் கூடுகளில் மருந்துக்குப் பதிலாகச் சாம்பல். நான்கு நான்கு பேராக உட்கார்ந்து நிஜ வேலைபோலவே அடைக்க வேண்டும். வெளியே வேப்பமரத்தில் ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். எப்போது என்று சொல்லாமல் அதை மரக்கட்டையால் அடிப்பேன். அடித்ததும் வாசலை ஒட்டி இருப்பவள்தான் முதலில் வெளியே வர வேண்டும்.

முதல் நாள் பார்க்க வேண்டுமே! ஒருத்தி கொண்டையை முடிந்தாள். ஒருத்தி தூக்குச்சட்டியைத் தேடினாள். வாசலில் நான்கு பேரும் நின்று "நீங்க போங்க மதினி", "இல்ல, நீங்க போங்க" என்று மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். இவர்கள் எல்லோரும் என்னிடம் பதினோரு விதிகளையும் தவறில்லாமல் ஒப்பித்தவர்கள்.

அதற்குப் பிறகுதான் மாமியார் சொன்னதைச் செய்தோம். தினமும் காலையில் அறைக்குள் போகுமுன், நால்வரில் மூத்தவள் வாசலில் நின்று மற்றவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "நான் உள்ள இருந்தாலும் நீ போ." இளையவள் "சரி" என்று பதில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். உத்தரவு கையில் இருந்ததால், தகரம் அடித்ததும் அவர்களுடைய கால் தானாக நகர்ந்தது. நான்காவது நாள் அறை காலியாக நான் மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் ஆனது.

மருமகள் மூன்று மாதத்தில் திரும்பி வந்தாள். மேனேஜர் அவளைப் பட்டாசைப் பெட்டியில் அடுக்கிக் கட்டும் பிரிவுக்கு மாற்றப் பார்த்தார். அவள் பழைய இடத்தையே கேட்டாள். முதல் நாள் காலை வாசலில் மாமியார் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவருக்குக் குரல் உடைந்தது. மருமகள் "சரி அத்தை" என்றாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் குவிந்தது. ஒரே நாளில் முப்பது புதுப் பெண்கள் வந்து இறங்கினார்கள். மேனேஜர் பதிவேட்டை என் மேசையில் வைத்தார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாறாரு. இன்னைக்கு வாசிச்சுக் காட்டிட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க. மத்தியானம் இவுக ரூமுக்குப் போகணும்."

"எனக்கு நாலு நாள் வேணும் சார்."

"நாலு நாளா? பள்ளிக்கூடமா நடத்துறோம்?"

"இப்பப் பள்ளிக்கூடம் மாதிரிதான் கேக்கீக. வாசி, ஒப்பி, கையெழுத்துப் போடு. அதனாலதான் ஒரு பிள்ளை முதுகு வெந்துச்சு. நான் போட மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. "வேலை வேணுமா, வேண்டாமா?"

வேலை வேண்டும். மிகவும் வேண்டும். வீட்டில் என் சம்பளத்தை எதிர்பார்த்து இருந்தார்கள். ஏற்கெனவே ஒரு வேலையைத் தொலைத்த பெண் என்ற பேச்சு வேறு. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பதிவேட்டைத் திறந்தாலே, பழைய பக்கத்தில் மருமகளின் கைநாட்டுக்குக் கீழே என் கையெழுத்துதான் கண்ணில் படும். புதுப் பெண்களுக்கு விதிகளை வாசித்துக் காட்டி, தகரம் அடித்தால் வெளியே வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன். முப்பது பேருக்கும் எதிரே எழுதினேன்: "வாசித்துக் காட்டப்பட்டது. கற்றுக் கொடுக்கப்படவில்லை." அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். மேனேஜர் அந்தப் பக்கத்தைக் கிழித்தார். புதுப் பக்கத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். மத்தியானமே முப்பது பேரையும் அறைகளுக்கு அனுப்பினார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் புரட்டினார். "டீச்சரம்மா கையெழுத்து எங்க?" என்றார்.

மேனேஜர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "இவுகளுக்கு இன்னும் வெளிய போகத் தெரியாது ஐயா. வேணும்னா அந்தத் தகரத்தை அடிச்சுப் பாருங்க."

மேனேஜர் சிரித்தார். "வாசல் வழியா வெளிய போறதுக்கு ஒரு படிப்பா?" என்று சொல்லிக்கொண்டே, புதுப் பெண்கள் இருந்த அறைக்கு நேராக நின்று, தானே மரக்கட்டையை எடுத்துத் தகரத்தில் ஓங்கி அடித்தார்.

உள்ளே நான்கு புதுப் பெண்கள் எழுந்தார்கள். வாசலை ஒட்டி இருந்தவள் ஒதுங்கி நின்றாள். அடுத்தவள் அவளைப் பார்த்து, "நீங்க போங்க அக்கா" என்றாள். மூன்றாமவள் கீழே விழுந்த கூட்டைப் பொறுக்கக் குனிந்தாள்.

அதற்குள் பக்கத்து அறை காலியாகிவிட்டது. அங்கே இருந்த பழைய பெண்களுக்கு இது பரிசோதனை என்று யாரும் சொல்லவில்லை. மருமகள்தான் முதலில் பாய்ந்து வந்தாள், தழும்பேறிய கையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல். பின்னாலேயே மற்ற இருவர். கடைசியில் மாமியார். வேப்பமரத்தைத் தாண்டி நின்று மூச்சு வாங்கினார்கள். மாமியார் திரும்பிப் பார்த்தார். புதுப் பெண்கள் இன்னும் வாசலிலேயே நின்று மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். தீ இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

"ஏட்டி, வெளிய வாங்கட்டி!" என்று அலறினார். "ஒருத்திக்கு ஒருத்தி வழி விட இதென்ன கல்யாண வீடா? வாங்கட்டி!"

அந்தக் குரலில் இருந்த பயம் எங்கள் எல்லோரையும் நிறுத்தியது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மேனேஜரிடம், "நாலு நாள் இவுக அறைக்குள்ள போகக் கூடாது" என்றார். பதிவேட்டை மூடி என்னிடம் தந்தார்.

நான்காவது நாள் சாயந்திரம் முப்பது பேருக்கும் கையெழுத்துப் போட்டேன். அந்த சீசன் யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் முடிந்தது. தீபாவளிக்கு அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார். அடுத்த சீசனுக்கு, வாசிக்க மட்டும் தெரிந்த, வாய் இல்லாத ஆள் ஒருத்தரைப் பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார். முன்பே எதிர்பார்த்ததுதான்.

வெளியே வந்தேன். எனக்கென்று அங்கே இருந்தது அந்தத் தகரம் ஒன்றுதான். அதையாவது எடுத்துப் போகலாம் என்று வேப்பமரத்தைப் பார்த்தேன். கயிறு மட்டும் தொங்கியது. அதையும் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

கேட்டில் மாமியாரும் மருமகளும் நின்றிருந்தார்கள். விஷயம் அவர்களுக்கு எட்டியிருந்தது. மருமகள் எனக்கு வழி விட்டு ஒதுங்கினாள். அழுதிருந்தாள். மாமியார் அழவில்லை. இடுப்பிலிருந்த நார்ப்பெட்டியின் மேல் துணியை விலக்கிக் காட்டினார். உள்ளே என் தகரம் இருந்தது.

"அந்த ஆளு வந்து வாசிச்சுட்டுப் போகட்டும் டீச்சர்," என்றார். "தகரம் எங்ககிட்ட இருக்கு."