பி.பி. நம்பருக்கு இடமில்லை

வீடு மாற்றும்போது ஒரு டம்ளர் தொலைந்தாலும் தெரிந்துவிடும். டேட்டா மாற்றும்போது ஒரு தெருவே தொலைந்தாலும் திரையில் ‘முடிந்தது’ என்றுதான் வரும். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏசி அறை

செல்போன் முதலாளிகள் கையில் மட்டும் இருந்த காலம். காஞ்சிபுரத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியின் பழைய கம்ப்யூட்டர் பதிவுகளைப் புதிய டேட்டாபேஸுக்கு மாற்ற, சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனி என்னை அனுப்பியது. எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு முகம் தெரியாது. காலையில் ஹாஸ்டலிலிருந்து நடந்து வந்தால், கண்ணாடித் தடுப்புக்குள் கம்ப்யூட்டரும் நானும்தான். வெளியே கவுன்டரில் சிரித்துப் பேசுவது எனக்கு வாயசைவாக மட்டும் தெரியும்.

முதல் நாள் மத்தியானம், கவுன்டர் தேவகி அக்கா தடுப்பைத் திறந்து எட்டிப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று டிபன் பாக்ஸோடு எழுந்தேன். அவர் சொன்னது: “கதவ நல்லா சாத்திக்கம்மா. கம்ப்யூட்டருக்குச் சூடு ஆவாதாம்.”

தொலைந்த தெரு

பதிவுகள் ஏறும் புதிய டேபிளை, அதாவது அட்டவணையை, வடிவமைத்தவர் எங்கள் கம்பெனியின் சென்னை ஆபீசில் இருந்த முரளி சார். ஒரு போன் நம்பர் ஒரு வாடிக்கையாளருக்குத்தான், இரண்டாவது முறை வரக் கூடாது என்று விதி போட்டிருந்தார். திரும்ப வந்த நம்பர் உள்ள பதிவுகளை எல்லாம் புரோகிராம் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது. அது எனக்குத் தெரிந்ததே கன்னியம்மா வந்த பிறகுதான்.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் குடும்பம். மகள் பிரசவித்து வீட்டுக்கு வந்திருந்தாள், சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய வந்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று தேவகி அக்கா கை விரித்துவிட்டார். பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். இருந்தார். அவர் தெருவே இருந்தது, எல்லோருக்கும் ஒரே நம்பரில். ஜரிகைக் கடைக்காரர் வீட்டு போன் அது; போன் இல்லாத மற்றவர்கள் பி.பி. நம்பர் என்று கொடுத்துவைத்த பக்கத்து வீட்டு நம்பர். யாருக்கு அழைப்பு வந்தாலும் அந்த வீட்டிலிருந்து குரல் கொடுப்பார்களாம். புதிய டேபிளில் ஜரிகைக் கடைக்காரர் மட்டும் தங்கியிருந்தார்.

பழைய பதிவைக் காட்டி, கன்னியம்மாவுக்கு உடனே ஒரு சிலிண்டர் அனுப்பச் செய்தேன். வண்டி கிளம்பும் வரை நகராமல் நின்ற அவர், போகும்போது என் கண்ணாடித் தடுப்பைத் தட்டிக் கேட்டார்: “ஏம்மா, ஊட்ல போன் இல்லன்னா சோறு ஆக்கக் கூடாதா?”

கற்பனை நம்பர்கள்

முரளி சாரைக் கூப்பிட்டு விதியை எடுக்கச் சொன்னேன். அடுத்த மாதம் பார்க்கலாம், அதுவரை ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு ஏற்றுங்கள் என்றார். தேவகி அக்காவும் மனதுக்கு வந்த நம்பர்களைத் தட்ட ஆரம்பித்தார். வண்டி புறப்படும் முன் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று, சிலிண்டர் போய்ச் சேரும் வரை தினமும் போன் செய்வது ஏஜென்சி வழக்கம். கற்பனை நம்பர் ஒன்று நிஜமாகவே ஒரு வீட்டில் மணியடித்தது.

சின்னக் காஞ்சிபுரத்தில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீடு அது. மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். அவர் ஆபீசுக்கே வந்துவிட்டார். சண்டை போடப்போகிறார் என்று நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். நம்பரை இப்போதே எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் அவசரமாகக் கையசைத்தார். “எடுக்கணும்னு வரலைம்மா. யார் பேசறான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

கருட சேவை

ஒரு வழியாக முரளி சார் சம்மதித்தார். போன் நம்பர் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், வாடிக்கையாளர் எண் மட்டும் திரும்ப வரக் கூடாது என்று விதியை மாற்ற வேண்டும். தள்ளப்பட்டவர்களைத் திரும்ப ஏற்ற வேண்டும். பெருமாள் வீதியுலா வரும் கருட சேவையன்று ஆபீஸ் விடுமுறை. ஊரே வீதியில் நிற்க, நான் உள்ளே உட்கார்ந்து பெயர் பெயராகச் சரிபார்த்தேன். மேளச் சத்தம் கிட்ட வந்து, அப்படியே தள்ளிப் போனது. எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். யாரோடு போய் நிற்பது என்று உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளையார்பாளையத் தெரு முழுசாக வந்து சேர்ந்தது. கற்பனை நம்பர்களை ஒவ்வொன்றாக அழித்தேன். வாத்தியார் நம்பர் வந்தபோது மட்டும் கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் அழித்தேன்.

ரெண்டு நாள் கழித்து மத்தியானம் ஆபீஸ் போன் அடித்தது. கவுன்டரில் யாரும் இல்லாததால் நான் எடுத்தேன். வாத்தியார்தான். “ரெண்டு நாளா ஒருத்தரும் கூப்பிடலையேம்மா. எல்லாருக்கும் சிலிண்டர் வந்துடுத்தா?”

வந்துவிட்டது சார் என்றேன். எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். நான் திருநெல்வேலி என்றேன். தேவகி அக்கா வந்து ரிசீவருக்குக் கை நீட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம். போனை வைக்கும் முன் வாத்தியார் சொன்னார்: “சாப்பிட்டியான்னு கேக்க மறந்துட்டேன் பாரு.”

விடை

அந்த வார முடிவில் ஏஜென்சி முதலாளி கண்ணாடி அறைக்குள் முதல்முறையாக வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்வார் என்று எனக்கு ஒரு நினைப்பு. “அதான் எல்லாம் சரியா ஓடுதே, இனிமே நீ எதுக்கும்மா?” என்றார்.

நம் தொழிலில் தப்பு நடந்தால் ஊரே நம்மைத் தேடி வரும். சரியாகிவிட்டால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட ஒருத்தரும் வருவதில்லை.