ஆற்றைத் திட்டிய சடுகுடுக்காரர்

கோரிப்பாளையம் ஆற்றங்கரையில் ஜட்கா வண்டிக்காக நிற்கிறேன். வைகையில் புதுத் தண்ணீர் போகிறது. ஊரே கரையில் நின்று கும்பிடுகிறது. என் பக்கத்தில் நிற்கும் சடுகுடுக்காரர் மட்டும் ஆற்றைத் திட்டுகிறார்.

"ஏண்ணே, தண்ணி வந்தா நல்லதுதானே?"

"நாளைக்குத் திருமங்கலத்துக்காரன் போட்டிக்கு வாரான். நாங்க ஆடுற மணலு அந்தா ராமநாதபுரம் போகுது. முனிசிபாலிட்டில மைதானம் கேட்டோம். 'ஒங்களுக்குத்தான் ஆறு கெடக்கே, மொதல்ல பார்க்கு கட்டணும்'னுட்டாங்க."

எதிரிலேயே அந்தப் பார்க். உள்ளே எட்டிப் பார்க்கிறேன். நீரூற்றுக்குத் தொட்டி கட்டியவர்கள் குழாய் போடவில்லை. புல்லே முளைக்காத தரையில் 'புல்லை மிதிக்காதே' என்று பலகை நிற்கிறது. எந்த மடையன் போட்ட திட்டமோ!

"இம்புட்டு எடம் சும்மாதானே கெடக்கு?" என்று அவரிடமே எரிந்து விழுகிறேன்.

அவர் கைதட்டி ஆட்களைக் கூப்பிடுகிறார். ஏழெட்டுப் பேர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பார்க்குக்குள் கோடு கிழிக்கிறார்கள். காவல்காரர் பதறி ஓடிவந்து, வெளியே போகச் சொல்லி விசில் ஊதுகிறார்.

"ரெப்ரி வந்துட்டாரு மாப்ள, ஏறிப் பாடு!" என்கிறார் சடுகுடுக்காரர்.

காவல்காரர் இன்னும் பலமாக ஊதுகிறார். ஆட்டம் சூடு பிடிக்கிறது.