மூன்றாவது அலசல்

உலர்ந்த சட்டையின் காலரை இரண்டு கைகளாலும் விரித்து, அதற்குள் மூக்கைப் புதைத்து, எர்மெலிந்தா அக்கா கண்ணை மூடிக்கொள்கிறார். குழம்பில் உப்புப் பார்க்கும் முகம். புகைவாடை துளி இருந்தாலும் சட்டை மறுபடி இயந்திரத்துக்குள் போகும். இல்லையென்றால்தான் ஆணியில் ஏறும். இந்த விஷயத்தில் அவரிடம் யாருடைய சிபாரிசும் செல்லாது.

தைலமரக் காடுகளுக்கு நடுவே, போர்ச்சுகலின் மலையூர் ஒன்றில் இருக்கிறது எங்கள் தீயணைப்பு நிலையம். ரொட்டிக்கடைக்காரர், பள்ளி ஆசிரியை, எலக்ட்ரீஷியன் என்று முப்பத்தோரு பேர், எல்லோரும் தன்னார்வலர்கள். நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். அக்காவைப் பதினோரு வருடத்துக்கு முன் சூப் வைக்கவும் தரை துடைக்கவும்தான் வேலைக்கு எடுத்தார்கள். தீக்குள் போட்டுக்கொண்டு போகும் கனத்த சட்டைகளைத் துவைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார்.

வண்டிக் கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே தரையில் ஒரு சிவப்புப் பட்டை. அதைப் பூசியதும் அவர்தான். தீயிலிருந்து வந்தவன் அதற்கு அப்பாலேயே சட்டை, காலணி, கையுறை எல்லாவற்றையும் கழற்றிப் பையில் கட்ட வேண்டும். ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து, குளித்து, அதன்பிறகுதான் தட்டைத் தொடலாம்.

"பசி உயிர் போகுதுக்கா. ஆறு மணி நேரமாத் தீக்குள்ள நின்னுருக்கோம்."

"நின்ன தீயைக் கழுத்துல கட்டிக்கிட்டா சூப் குடிக்க வந்த? போய்க் குளிடா. சூப் எங்கயும் ஓடிப் போகாது."

கரிபிடித்த சட்டையோடு எவனாவது வீட்டுக்குக் காரை எடுத்தால், அக்கா காருக்கு முன்னால் வந்து நிற்பார். அந்த இருக்கையில் நாளைக்கு உன் பிள்ளை உட்காருமா உட்காராதா என்று மட்டும் கேட்பார்.

எங்களுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. எவன் ஹெல்மெட் அதிகக் கறுப்போ அவனே பெரிய ஆம்பளை. அதைச் சொன்னால் அக்காவுக்குப் பொறுக்காது. "கரிதான் மெடல்னா, என் வீட்டுப் புகைபோக்கிதான்டா ஜெனரல்!"

சலவை அறை ஜன்னலில் ஆலிவ் ஊறப்போடும் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருக்கும். உள்ளே இருப்பது ஆலிவ் அல்ல. ஒவ்வொரு சட்டையின் மூன்றாவது அலசல் தண்ணீர். பெயரும் தேதியும் ஒட்டியிருக்கும். மூன்றாவது அலசலிலும் அது கடுங்காப்பி நிறம்தான்.

புருஷனைத் தீயில் பறிகொடுத்தவர், அதனால்தான் இப்படி என்று வெளியூர்க்காரர்கள் கதை கட்டுவார்கள். "என் புருஷன் தபால்காரன். எதிர்க் காப்பிக்கடையில சீட்டாடிக்கிட்டு இருக்கான், போய்ப் பாருங்க. ஒருத்தன் செத்தாத்தான் அழுக்கு கண்ணுல படணுமா? நான் தண்ணியைப் பார்த்தேன். அவ்வளவுதான்."

போன ஆகஸ்டில் எலக்ட்ரீஷியன் வால்டெமாருக்கு மகள் பிறந்தாள். எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம்: குழந்தையை முதன்முதலாகக் கொண்டுவரும் நாளில், நண்பகல் சங்கு ஊதும்போது, தகப்பனின் துவைக்காத சட்டையில் சுற்றித் தூக்கிக் காட்டுவார்கள். தீயின் வாசம் பட்ட பிள்ளையைத் தீ தொடாது என்பது நம்பிக்கை. முந்தின நாள்தான் நாங்கள் ஒரு டயர்க் கிடங்குத் தீயை அணைத்துவிட்டு வந்திருந்தோம். பதினோரு மணிக்கு வால்டெமார் சிவப்புப் பட்டை ஓரம் வந்து நின்றான்.

"அக்கா, என் சட்டையைக் குடுங்க. குழந்தை வந்தாச்சு."

"துவைச்சுத் தரேன்."

"துவைச்சா சோப்பு வாசம்தான வரும்? எங்கப்பா என்னை அப்படியேதான் சுத்துனாரு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீ சாகல. உங்கப்பா எங்கடா?"

எங்களோடு இருபத்தாறு வருடம் தீயணைத்தவர் அவன் அப்பா. ஒரு சிகரெட் தொட்டதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்து இறந்துபோனார்.

அக்கா குரலைத் தணித்தார். "இந்தக் கரிதான் காரணம்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணைப் பச்சைக் குழந்தை மேல சுத்த மாட்டேன்."

விழா உடையில் மாடியிலிருந்து இறங்கி வந்தார் எங்கள் நிலையத்தின் கமாண்டர் பல்தசார். "எர்மெலிந்தா, எங்க தாத்தா காலத்து வழக்கம் இது. இப்ப அதை நனைச்சு வெச்சீங்கன்னா, தீன்னு அழைப்பு வந்தா அவன் எதைப் போட்டுக்கிட்டுப் போவான்?"

"ரிட்டயரான உங்க அண்ணன் சட்டை ஆணியில தொங்குது. வால்டெமார் அளவுக்குத் தைச்சு வெச்சிருக்கேன். ஆளுக்கு ரெண்டு சட்டை வாங்குங்கன்னு மூணு வருஷமாக் கத்துறேன், காதுல போட்டுக்கிட்டீங்களா கமாண்டரே?"

"சட்டையைக் குடுங்க. இல்லன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்."

அக்கா கையுறையை மாட்டினார். பையை அவிழ்த்து, சட்டையை உட்புறம் வெளியே வரத் திருப்பி, இயந்திரத்துக்குள் போட்டுக் கதவை அடித்துச் சாத்திப் பொத்தானை அழுத்தினார்.

"இனி ஒரு மணி நேரத்துக்குப் போப்பாண்டவரே வந்தாலும் கதவு திறக்காது. நாளைக்குத்தான வர வேணாம்னீங்க? இன்னைக்கு நான் இருக்கேன்."

ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டுக்குச் சங்கு ஊதியது. தூக்கிக் காட்ட ஒன்றுமில்லை. மாமியார் வீட்டார் முணுமுணுத்தார்கள். ஆசீர்வதிக்க வந்திருந்த பாதிரியார் சாப்பிடப் போய்விட்டார். வால்டெமாரின் மனைவி இல்டா மட்டும் கொட்டகையில் நாற்காலி போட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். இயந்திரம் நின்றதும் அக்கா சட்டையை உலர்த்தும் அலமாரியில் மாட்டினார். அது காய மணி நாலாகிவிட்டது.

காலரை விரித்து, மூக்கைப் புதைத்து, அக்கா கண்ணை மூடினார். அந்த முகத்திலிருந்து எங்களால் எதையும் படிக்க முடியவில்லை.

"போதும்மா, குடுத்துடுங்க," என்றார் கமாண்டர். அவர் குரலில் காலையின் கெடுபிடி இல்லை.

அக்கா சட்டையைச் சிவப்புப் பட்டைக்கு மேலாக நீட்டினார். கமாண்டருக்கு அல்ல, வால்டெமாருக்கும் அல்ல.

"நீ மோந்து பாரும்மா."

இல்டா குழந்தையைக் கணவன் கையில் கொடுத்தாள். காலரை விரித்தாள். மூக்கை உள்ளே விட்டு ஒருமுறை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சட்டையை வந்த வழியே திருப்பி நீட்டினாள்.

அக்கா அதை வாங்கிக்கொண்டு போய், இயந்திரத்தின் கதவைத் திறந்தார்.