பல்லி விழுந்த பக்கம்

என்னைப் பல்லிக்குப் பயந்தவள் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். பல்லிக்கு எனக்கென்ன பயம்? அது தன்பாட்டில் முகட்டில் திரியட்டும். அது எங்கே விழுகிறது என்பதுதான் என் கவலை. மாரிகாலத்தில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நான் சமைப்பதைப் பார்த்து, அம்மா குசினிக்குப் போகிறாவா கோயிலுக்குப் போகிறாவா என்று என் மகன் கேட்பான். கேட்கட்டும். அவன் எங்கள் ரீச்சரிடம் மூன்றாம் வகுப்புப் படிக்கவில்லை.

வடகரையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற சின்னப் பள்ளிக்கூடம் அது. அரைச்சுவர், அதற்கு மேலே கம்பிவலை, அதற்கு மேலே ஓடு. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடலின் இரைச்சலில் பின் வாங்குகளில் இருந்த பிள்ளைகளுக்கு ரீச்சரின் வாய் அசைவது மட்டுந்தான் தெரியும். கணக்குப் பாடத்தில் அது ஒரு வசதி.

ரீச்சர் வலிகாமப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட, தனியே இருந்த ஒரு அம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை காலை பஸ் ஏறுவார், பொழுதுபடத் திரும்புவார். ஊருக்குப் போய் வருகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மெலிந்த உருவம், நடுவகிடு எடுத்த தலை, கறுப்புக் கம்பியில் மூக்குக்கண்ணாடி. அடிக்கமாட்டார். அடிக்காத ரீச்சரை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. அதனால் அவரில் ஏதோ பிழை இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் கதைத்தார்கள்.

வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்துக்கு ஒவ்வொருவர் தனக்குப் பிடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து வகுப்புக்குச் சொல்லவேண்டும் என்று அவர் ஒரு வழக்கம் வைத்தார். நல்ல வழக்கம்தான், வீட்டில் புத்தகம் இருந்தால். எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இருந்தது? ஒருவன் வாய்பாட்டைக் கொண்டுவந்து, பதினாறாம் வாய்பாடுதான் தனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது தனக்கு வராது என்றான். என் ஐயா கடை வைத்திருந்தபடியால் நான் பணக்காரி. சாமான் மடிக்கும் காகிதச் சரை சுற்றுவதற்கு நிறுத்து வாங்கிய பழைய புத்தகக் கட்டில் ஒரு கதைப்புத்தகத்தை எடுத்து ஒளித்து வைத்திருந்தேன். கடைசிப் பக்கங்கள் மட்டும் எனக்கு முந்திக் கச்சான் கடலையோடு யாரோ வீட்டுக்குப் போய்விட்டன. முடிவு என்ன என்று ரீச்சர் கேட்டபோது, ராசகுமாரன் கிணற்றில் விழுந்து செத்துப்போனான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஏன் பிள்ளை அவனைச் சாகடிச்சனி?" என்றார் ரீச்சர். "முடிவு தெரியாட்டி நல்லதாய் ஒண்டைச் சொல்லன். ஆருக்கு நட்டம்?"

எனக்குப் பக்கத்தில் இருந்த யோகராணி இதை என்னைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

புத்தகத்தைப் போலவே காலத்துக்கொரு வேலையும் ரீச்சர் வைத்திருந்தார். ஆடியில் கொழுக்கட்டை பிடித்தோம், சோளகக் காற்றில் பட்டம் விட்டோம். புரட்டாசி கடைசியில் வகுப்புக்குப் பின்னாலிருந்த மணலில் பனங்கொட்டைப் பாத்தி போட்டோம். ஆளுக்கொரு கொட்டை. ரீச்சரும் ஒன்றை எடுத்து, கரும்பலகை வெண்கட்டியால் கோடு போட்டு, எங்கள் கொட்டைகளுக்கு நடுவில் வைத்து மண்ணால் மூடினார். தை மாதம் கிண்டினால் கிழங்கு. நீளமாய், மேடாய், தனியாய்க் கிடந்த அந்தப் பாத்தியைப் பார்த்து ஒரு பெடியன் இது என்ன மாதிரி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தான். பக்கத்திலிருந்தவன் காலில் உழக்கினான். உங்கடை கிழங்கை நீங்கள்தானே சாப்பிடுவீர்கள் என்று நான் ரீச்சரைக் கேட்டேன். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "ஆர் கிண்டுறியளோ அவை சாப்பிடுங்கோ" என்றார். ரீச்சருக்குப் பனங்கிழங்கு பிடிக்காதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு வெள்ளிக்கிழமை யோகராணியின் முறை வந்தது. அவளுடைய ஐயா பெரிய தோணி ஒன்றின் தண்டையல். அவர் சொல்லாமல் தோணி அசையாது. பஞ்சாங்கம் சொல்லாமல் அவர் அசையமாட்டார். மாரிக்குத் தோணியைக் கரையேற்றிவிட்டால் பஞ்சாங்கத்துக்கும் வேலையில்லை. அதைத்தான் அவள் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்திருந்தாள். தனக்குப் பிடித்த புத்தகம் இதுதான், ஏனென்றால் மற்றப் புத்தகங்கள் நடந்ததைச் சொல்லும், இது நடக்கப்போவதைச் சொல்லும் என்றாள். வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. வெளியே மழை இருட்டு. பகல் இரண்டு மணிக்கு எழுத்துத் தெரியாமல் அவள் யன்னல் பக்கம் சரிந்து நின்று வாசித்தாள்.

இராகுகாலம், குளிகை எல்லாம் போய்ப் பல்லி விழும் பலனுக்கு வந்ததும் நாங்கள் புளுகத்தில் துள்ளத் தொடங்கிவிட்டோம். ஒவ்வொருவரும் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டுவோம், அவள் விரலால் தேடிப் பலன் சொல்லுவாள். தோள் என்றால் வெற்றி. மூக்கு என்றால் நோய். வாய்பாட்டுக்காரன் மூக்கைத் தொட்டுவிட்டு அழுவாரைப் போல நின்றான். ரீச்சரும் சிரித்தார். மேசையில் சாய்ந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் விழுந்தது. நேரே நடுவகிட்டில், உச்சியில். சத்தம் கேட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் எனக்குக் கேட்டது. ரீச்சர் கையால் தட்டினார். அது யோகராணி பிடித்திருந்த பஞ்சாங்கத்தில் விழுந்து, வாலை விட்டுவிட்டுச் சுவரில் ஏறி ஓடியது. வால் மட்டும் விரித்த பக்கத்தின்மேல் கிடந்து துடித்தது.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "யோகராணி, உச்சிக்கு என்ன போட்டிருக்கு?"

யோகராணியின் விரல் பக்கத்தின் அடிப்பகுதியில் ஒரு வரியில் போய் நின்றது. பக்கத்தில் நின்ற எனக்கு அந்தச் சொல் தெரிந்தது. மரணம். அவள் விரல் அதை மறைத்தது.

"பயணம், ரீச்சர்" என்றாள்.

ரீச்சர் கையை நீட்டினார். யோகராணி கொடுக்கத் தயங்கினாள். ரீச்சர் மெல்ல வாங்கி, வாலைக் காகிதத் துண்டால் தள்ளிவிட்டு, அந்தப் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. கடல் இரைந்துகொண்டிருந்தது.

"ஓம். பயணம் எண்டுதான் போட்டிருக்கு" என்றார்.

உடனே முகட்டில் எங்கேயோ ஒரு பல்லி சொல்லியது. சொன்னது உண்மையென்றால்தானே பல்லி சாட்சி சொல்லும்! வகுப்பு முழுக்க வாங்கில் விரலால் தட்டியது. நானும் தட்டினேன். விரல் குளிர்ந்து போயிருந்தது. மற்றப் பிள்ளைகள், ரீச்சர் எங்கே பயணம் போகப்போகிறார், கொழும்புக்கோ கண்டிக்கோ என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். ரீச்சர் கண்ணாடி போட்டும் ஒரு வரி தவறிப் பார்த்துவிட்டார் என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

ஆனால் பல்லி தவறாது. மணியடிக்க முன்னர் யோகராணி என் காதுக்குள், பொழுதுபட முதல் தலை முழுகினால் தோஷம் கழியும் என்றாள். அவளுடைய ஐயா தோணியில் பல்லி விழுந்தால் உடுத்த வேட்டியோடு கடலில் குதித்து எழும்புவாராம். ரீச்சரை எப்படி முழுக வைப்பது? சொன்னால் ஏன் என்று கேட்பார். சொல்லாவிட்டால் செத்துப்போவார். இரகசியம் பேசத் தெரியாத வயது அது. இரகசியம் என்றால் சாதாரணமாகக் கதைப்பதைக் காற்றோடு சேர்த்துக் கதைப்பது, அவ்வளவுதான். ரீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். அழித்து முடிந்த இடத்தையே திருப்பி அழித்தார்.

மணியடித்தது. மழை கொட்டியது. ரீச்சர் தன் குடையை எங்களிடம் தந்து, ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். உங்களுக்குக் குடை? என்று யோகராணி கேட்டாள். தனக்கு மழையில் நனைய ஆசையாயிருக்கிறது என்றார். சொன்னதுபோலவே கொண்டையை அவிழ்த்துவிட்டு முற்றத்தில் இறங்கினார். ஓடவில்லை. ஒதுங்கவில்லை. உச்சியிலிருந்து தண்ணீர் வழிய, கோயிலைச் சுற்றுகிறவரைப் போல மெதுவாக நடந்து போனார். பள்ளிக்கூடப் படலையடியில் ஒருமுறை திரும்பி, நாங்கள் பார்க்கிறோமா என்று பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் குடையின்கீழ் நின்று துள்ளினோம். முழுகிவிட்டார்! அன்றைக்குப் போல நான் பிறகு ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை.

காய்ச்சல் என்று ரீச்சர் திங்கட்கிழமை வரவில்லை. பிறகு வந்தார். நாங்கள் குடையைத் திருப்பிக் கொடுத்தபோது மாரி முடியும்வரை வைத்திருக்கச் சொன்னார். எல்லாம் சரிதான் என்று நினைத்தோம், அந்தப் பல்லி மட்டும் இல்லாவிட்டால். அது ரீச்சரின் கதிரைக்கு மேலே, சுவரில், வால் இல்லாமல் வந்து இருக்கத் தொடங்கியது. கலைத்தால் போகும், திரும்பிப் பார்த்தால் இருக்கும். கார்த்திகையில் விளக்கீட்டுக்குப் பிறகு ரீச்சர் வருவது குறைந்தது. கதிரை வெறுமையாய் இருக்கும். அதற்கு மேலே பல்லி இருக்கும். குருத்து விடுவதுபோல அதற்கு வால் வளர்ந்துகொண்டு வந்தது. வால் முழுக்க வளர முதல் ரீச்சர் வந்துவிடவேண்டும் என்று யோகராணி சொன்னாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. காலையில் வகுப்புக்குள் வந்ததும் முதலில் வாலைப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மார்கழி விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை குடையைக் கொடுக்கும் சாட்டில் அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். ரீச்சர் இல்லை. மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குப் போய்விட்டார் என்றார் அந்த அம்மா. "ஒவ்வொரு சனியும் போறவதானே, ஆவணியிலையிருந்து" என்றார். குடையை வாங்காமல், அழுததுபோலிருந்த முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆசுப்பத்திரியில் ரீச்சருக்கு யாரோ சொந்தக்காரர் வருத்தமாய்க் கிடக்கிறார்கள் என்று நாங்கள் வழியில் கதைத்துக்கொண்டு வந்தோம். பாவம் அந்த ஆள் என்றுகூட நான் சொன்னேன்.

தை பிறந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று தலைமை வாத்தியார் எங்களை எழுப்பி நிற்கவைத்து, ரீச்சர் இனி வரமாட்டார் என்று சொன்னார். தேவாரம் பாடினோம். நான் கண்ணை மூடவில்லை. கதிரைக்கு மேலே பார்த்தேன். வால் முழுதாய் இருந்தது.

அந்தக் கிழமையே பாத்தியைக் கிண்டினோம். எல்லாருடைய கொட்டையும் முளைத்திருந்தது. ரீச்சருடையதும்தான், நல்ல மொத்தக் கிழங்கு. மழையில் வெண்கட்டி கழுவுப்பட்டிருக்க வேண்டும், ஆனால் நடுவில் இருந்ததால் எது என்று எல்லோருக்கும் தெரியும். அவித்து நீட்டியபோது ஒருவரும் தொடவில்லை. யோகராணி எடுத்தாள். தும்பைக்கூட உரிக்காமல், கண்ணீரும் சளியுமாகக் கடைசித் துண்டுவரை தின்று முடித்தாள். ரீச்சர் சொன்னவ, கிண்டுகிற ஆட்கள் சாப்பிடச் சொன்னவ என்றாள். அவள் அப்படித்தான், சொன்னதைச் செய்கிறவள்.

தண்டையல் காலமாகி அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனபோது எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. அவர் ஒரு பஞ்சாங்கத்தையும் எறிந்ததில்லை, எல்லாவற்றையும் கயிற்றில் கோத்து அலுமாரிமேல் வைத்திருந்தார். யோகராணி அதை இறக்கினாள். தேடியது இரண்டு பேருக்கும் தெரியும். பல்லிவால் கிடந்த மண்ணிறக் கறையால் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தோம். அடியில் உச்சி, மரணம். அதற்குமேல் கபாலம், அதற்குமேல் நெற்றி. அந்தப் பக்கத்தில் மேலும் கீழுமாகப் பலமுறை தேடினோம். பயணம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

யோகராணி அந்த ஒற்றைத் தாளைப் புரட்டினாள். மறுபக்கத்தில், கடைசி வரியில் இருந்தது: பாதம், பயணம்.

"அவ புரட்டேல்லையடி" என்றாள் அவள். "என்ரை கண்ணுக்கு முன்னாலை நிண்டவ. ஒற்றையைப் புரட்டவே இல்லை."