வாசலில் ஒரு வரிசை

சவுத்ஹோலில் உள்ள அந்தக் குருத்வாராவின் வாசலில், சப்பாத்து அடுக்குக்குப் பக்கத்தில், ஒரு பிரப்பங்கூடை இருக்கும். அதற்குள் செம்மஞ்சள் நிறத் துணிகள். தலை மூடாமல் வருகிறவர்கள் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். திரும்பும்போது கூடையிலேயே போட்டுவிடுவார்கள். முதல் தடவை அந்தக் கூடைக்கு முன்னால் நின்றபோது எனக்குக் கடும் பசி. ஆனாலும் கை வைக்கவில்லை.

லண்டனுக்கு வந்த புதிது அது. கந்தோர்களில், அலுவலகங்களில், தரை துடைக்கும் வேலை. என்னோடு ஷிப்டில் நின்ற பஞ்சாபிக்காரிதான், ஞாயிற்றுக்கிழமை வா, எல்லாருக்கும் சாப்பாடு போடுவார்கள் என்று கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் நின்றவர் துணியை நீட்ட, நான் மாட்டேன் என்றேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் முட்டாக்குப் போடுவது செத்தவீட்டில். சண்டைக்காலத்தில் ஊரில் பிடித்துக்கொண்டு போன என் மனுசனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் இருந்தது. இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத மனுசனுக்காக நான் எப்படித் தலையை மூடுவது? கூட்டிவந்தவளுக்கு இது விளங்கவில்லை. ஒரு துணிதானே என்று சினந்தாள்.

சத்தம் கேட்டுப் பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். அந்த இடத்துக்கு அவர்தான் தலைவர். எல்லாரும் பாபா என்பார்கள். மலேசியாவில் தோட்டப் பக்கம் வளர்ந்தவராம், தமிழ் பேசினார்.

"ஏம்மா, துணி அழுக்கா இருக்கா?"

"அழுக்கில்லை. என்ர மனுசன் இருக்கிறார். அவர் வாற வரைக்கும் நான் முட்டாக்குப் போடமாட்டன்."

அவர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். "உள்ள வந்தா தலைய மூடணும்மா. அத நான் மாத்த முடியாது" என்றார். சரியென்று நான் திரும்பிப் போகச் சப்பாத்தை மாட்டினேன். கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனவர், இரண்டு தட்டுகளோடு திரும்பி வந்தார். வெளி முற்றத்தில் ஒரு விரிப்பைப் போட்டு, சம்மணம் கட்டி இருந்தார்.

"முதல்ல வரிசையில உட்கார்ந்து சாப்பிடு, அப்புறம் என்னைப் பார்க்க வான்னு எங்க குரு சொல்லியிருக்காரு. ராஜா வந்தாலும் அப்படித்தான்."

"இஞ்ச எங்க வரிசை இருக்கு?"

"ரெண்டு பேரு சமமா உட்கார்ந்தா வரிசைதாம்மா."

இருந்தேன். ரொட்டியும் பருப்பும். சாப்பிட்டு வெளியே வருகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்கட ஆக்கள் சிரிக்கினம்" என்றேன்.

"சிரிக்கட்டும். சாப்பிட்டவங்கதானே."

சும்மா சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. அடுத்த ஞாயிறு, உரிக்க வெங்காயம் தாங்கோ என்று கேட்டேன். மூட்டையையே இழுத்து வந்து முன்னால் வைத்தார். அதன் பிறகு நான் போன ஞாயிறுகளில் முற்றத்தில்தான் இருந்தேன். மழையென்றால் குடை பிடித்துக்கொண்டு வருவார். முழங்கால் மடிக்க ஏலாமல் போன வயதிலும் பக்கத்தில் வந்து இருந்தார். துணியைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

போன பனிக்காலம் பாபா காலமானார். மண்டபம் கட்டியதையும் பள்ளிக்கூடம் நடத்தியதையும் பெரிய ஆட்கள் மேடையில் சொன்னார்களாம். அதெல்லாம் உண்மையாக இருக்கும். எனக்குத் தெரிந்த பாபா தன் கோயிலின் ஒழுங்கையும் விடவில்லை, என்னையும் விடவில்லை. இரண்டையும் காப்பாற்ற அவர் தன்னுடைய இடத்தை விட்டு எழும்பி வந்தார். குருவின் சொல்லை அவர் படிப்பித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதன்படி என் பக்கத்தில் இருந்தது ஞாபகம் இருக்கிறது.

அவருடைய பிரார்த்தனைக்குப் போனபோது கூடையில் கைவிட்டு ஒரு துணியை எடுத்துத் தலையில் கட்டினேன். அந்தப் பஞ்சாபிக்காரி பதறிப்போனாள். அவளுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. ஊரிலிருந்து தகவல் ஏதும் வந்ததா என்று கையைப் பிடித்துக் கேட்டாள்.

"இல்லை. இது பாபாவுக்கு. என்ர மனுசன் இன்னும் வரவேண்டிய ஆள்" என்றேன்.

உள்ளே போய், முதல் தடவையாக அந்த நீள வரிசையில் இருந்து சாப்பிட்டேன். வெளியே வந்து துணியை அவிழ்த்து, மடித்து, கூடையில் வைத்தேன். கண்ணாடிக் கதவில் பார்த்தேன். பொட்டுக் கலையவில்லை.