தும்மலில் விழுந்த தகடு

விழிஞ்ஞம் துறைமுக வேலையில் இரும்புத் துண்டு தெறித்து என் கணவருக்கு ஒரு கண் போய்விட்டது. கண்குழி சுருங்கியதால் செயற்கைக் கண் நிற்கவில்லை. டாக்டர்கள் உதட்டின் உட்பக்கத் தோலை எடுத்துவைத்துக் குழியைச் சீராக்கினார்கள்; மறுபடி சுருங்காமலிருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் தகட்டையும் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் தும்மியபோது அந்தத் தகடு கழன்று விழுந்தது.

"அடுத்த செக்கப்ல காட்டிக்கலாம், செல்வி" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

"இப்போளே வாங்க சேச்சி! தாமசிச்சா குழி பின்னயும் சுருங்கிரும்" என்று மலையாளம் கலந்த தமிழில் நர்ஸ் பதறினார்.

ஓடினோம். நல்லவேளை, தகடு திரும்பவும் பொருந்தியது.

இப்போது சின்னச் சந்தேகம் என்றாலும் உடனே கேட்டுவிடுகிறேன். குழி ஆறியபின் வைத்த செயற்கைக் கண்ணைக் கழுவிப் பொருத்துவதும் நான்தான். விபத்துக்குப் பிறகு என்னிடம்கூட முகம் காட்டக் கூசியவர், அந்நேரம் என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொள்கிறார்.