புளியில் மின்னிய வால்வுகள்

இன்று காலை பால் புட்டியை நிமிர்த்தி வைத்த பிறகும் நிப்பிள் நுனியில் ஒரு சொட்டு நின்றது. துடைத்தேன். மறுபடி ஒரு சொட்டு. இதற்கெல்லாம்கூட எனக்குக் கவலை வந்துவிடும். துளை பெரிதாகிவிட்டதா, சின்னவனுக்குப் புரையேறுமா, நேற்று அதிகமாகக் கொதிக்க வைத்துவிட்டேனா? பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம், "இங்க பாருங்க, சொட்டுது" என்றேன்.

"வேற நிப்பிள் வாங்கிக்க" என்றார், தலையைத் தூக்காமல்.

எரிச்சலாக வந்தது. நிப்பிளுக்காக இல்லை. 'சொட்டு' என்று காதில் விழுந்தால் அரைமணி நேரம் பேசுகிற மனிதராக இருந்தவர் இவர்.

அப்போது தருமபுரியில் சேலம் ரோட்டில் இருந்தோம். முன்னால் கடை, பின்னால் எங்களுக்கு இரண்டு அறை. லாரி எஞ்சினுக்குள் டீசலை அழுத்தித் தள்ளுகிற பம்புகள் அங்கே ரிப்பேருக்கு வரும். டீசல் வாடை தலையணை வரைக்கும் ஏறியிருந்தது. சாம்பாரைத் தாளித்தாலும் முதலில் டீசல் மணக்கும், பிறகுதான் கடுகு. பெரியவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் எதை மென்றாலும் நட்டோ என்று பயந்து வாயில் விரலை விட்டுத் தோண்டுவேன். பெரும்பாலும் பொரியாகத்தான் இருக்கும். அவள் அழுவாள், நானும் கூடச் சேர்ந்துகொள்வேன்.

கல்யாணமான புதிதில் என் உள்ளங்கையில் ஒரு வால்வை வைத்தார். சுண்டுவிரல் நுனியளவுதான் இருந்தது.

"பம்பு டீசலைத் தள்ளறப்ப இது எழும்பி வழி விடும். தள்ளி முடிஞ்சதும் எறங்கிடும். கழுத்துல ஒரு வளையம் இருக்கு பாரு, அதான் விஷயமே. எறங்கறப்ப கொழாய்ல இருக்கற டீசலை ஒரு துளி பின்னாடி இழுத்துக்கும். அப்பத்தான் அந்தப் பக்கம் எஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சற நாசில் டக்குனு வாய மூடும்."

"மூடலீன்னா?"

"சொட்டும். சொட்டுனது சரியா எரியாது. பொகையாத்தான் வரும்."

எஸ்.எஸ்.எல்.சி.யில் விஞ்ஞானத்தில் நல்ல மார்க் வாங்கியவள் நான். புரிந்தது என்று தலையாட்டிவிட்டுப் போனேன். பால் பொங்குவதற்குள் சந்தேகம் வந்து, திரும்பிப் போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே முதலிலிருந்து சொன்னார்.

புகை என்றதும் புளி மண்டி பாய் நினைவுக்கு வருகிறார். அவருடைய லாரி புளி ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போகும். உப்பு ஏற்றிக்கொண்டு அதே மேட்டில் முக்கி முக்கித் திரும்பும். "தம்பி, என் வண்டி மேடேறுனா மழை வரப்போவுதுன்னு பொம்பளைங்க காயப்போட்ட துணிய எடுக்கறாங்க. நெசமாத்தான் சொல்றேன்" என்பார்.

அவருடைய வண்டிக்காகத்தான் என் வீட்டுக்காரருக்கு அந்த யோசனை வந்தது. வளையத்தை ஒரு மயிரிழை அகலமாக்கினால் இன்னும் கொஞ்சம் பின்னிழுக்கும், சொட்டாது. ஆனால் மிஞ்சினால் எஞ்சின் பட்டினி கிடக்கும், குறைந்தால் பழைய புகைதான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அளவைத் தேடி மாதக்கணக்கில் உட்கார்ந்தார். சேலத்தில் லேத்தில் கடைந்து வாங்கி வந்து, மாவு போன்ற பசை தடவி, ஒவ்வொரு வால்வையும் அது ஏறி இறங்கும் கூட்டோடு சேர்த்து இழைத்தார். ஒன்றின் கூடு மற்றொன்றுக்குப் பொருந்தாது. கெட்டுப்போனவை ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, சோதனை மேடையில் நின்ற நாசிலின் நுனியைக் காகிதத்தில் ஒற்றிக் காட்டினார். ஈரமே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நானும் ஒருமுறை ஒற்றிப் பார்த்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பம்ப் கம்பெனி இன்ஜினியர் வந்து, பாயின் லாரியைத் தொப்பூர் மேட்டில் ஏற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்துப்போனால் கம்பெனி இவருடைய அளவை எடுத்துக்கொள்ளும், கடைக்கும் கம்பெனி போர்டு வரும். இல்லையென்றால் கடையை மூடிவிட்டு, என் அண்ணன் பார்த்து வைத்திருந்த கோயமுத்தூர் ஃபாக்டரி வேலை. "எவனோ வரைஞ்சத அளந்து பாத்துக்கிட்டு நான் உக்காந்திருக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பூஜையன்று வால்வுகளைக் கடைசியாக ஒரு முறை பார்த்து, தட்டில் ஜோடி ஜோடியாக வைத்து வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, வாழைக்கன்று வாங்கச் சந்தைக்குப் போனார். நான் பெரியவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தலை துவட்டிக்கொண்டே கடைப் பக்கம் வந்தால், சாமி படத்துக்கு முன்னால் ஸ்பானரெல்லாம் வரிசையாகப் பளபளத்தது. நடுவில் ஒரு தாம்பாளம். அதில் ஆறு வால்வுகளும் கூடுகளும் ஜிமிக்கி மாதிரி மின்னின. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமப் பொட்டு. கடத்தூரிலிருந்து பூஜைக்கு வந்திருந்த என் மாமியார் கை முழுக்கப் புளியும் சாம்பலுமாக நின்றார்.

"எல்லாம் எண்ணெய்ப் பிசுக்குல கெடந்துச்சு கண்ணு. சாமிக்கு முன்னால அப்பிடியேவா வெக்கறது? பாய் குடுத்த புளி, நல்லா வெளுக்குது."

மயிரிழை பார்த்து இழைத்ததைச் சாம்பல் தேய்த்துத் தின்றிருக்குமே. உடனே, ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காதோ, நான்தான் சும்மா பயப்படுகிறேனோ என்றும் தோன்றியது.

சந்தையிலிருந்து அவர் வந்தார். ஒரு வால்வை எடுத்துக் கூட்டுக்குள் விட்டு, அடித்துளையைக் கட்டைவிரலால் அடைத்துப் பிடித்தார். நல்ல வால்வு என்றால் அடைபட்ட காற்றில் அப்படியே மிதந்து நிற்கும். இது டொக்கென்று விழுந்தது. கூட்டை மாற்றிப் பார்த்தார். டொக். அம்மாவைப் பார்த்து, "நல்லா மின்னுதும்மா" என்றார். எல்லோரும் பொரிகடலை சாப்பிட்டோம். அவர் கத்தியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்தது.

மறுநாள் இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். இனி எப்போது வருவார் என்று தெரியாது. இருப்பதில் தேறுவதைச் சேர்த்து மாட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது பாயின் முகமே சொல்லிவிட்டது. "ஐடியா சரி. வண்டியில நிக்காது" என்றார் இன்ஜினியர். இவர் சரி என்று தலையாட்டினார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கே வந்து, "சார், நேத்து பூஜைக்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சுட்டாங்க, அதான்" என்றேன்.

இன்ஜினியர் சிரித்தார். "புளிக்கே தாங்காத வால்வு தொப்பூருக்கு எப்பிடிம்மா தாங்கும்?"

'உங்க கம்பெனி வால்வைச் சாம்பல் போட்டுத் தேச்சா அது மட்டும் தாங்குமா?' என்று கேட்டிருக்க வேண்டும். அந்தப் பதில் ஜீப் காரிமங்கலம் பக்கம் திரும்பி மறைந்த பிறகுதான் வந்தது. இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது அந்த மனிதரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே மாமியார் மகனிடம் மெதுவாகக் கேட்டார்: "நாந் தேச்சதுனாலயா சாமி?"

"அதில்லீங்கம்மா. அது வேற கோளாறு" என்றார் மகன்.

கோயமுத்தூர் வந்து சில வருஷமாகிறது. ஃபாக்டரியில் வால்வுகளை அளந்து பார்ப்பதுதான் இவருக்கு வேலை. சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, குழந்தைகளுக்கு அது நல்லதுதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது டயர் கடை. பாய் லாரியை விற்றுவிட்டாராம். மாமியார் ஆயுத பூஜைக்கு இங்கே வருகிறார். அரிவாள்மனையைக் கையில் எடுத்தால்கூட மகனைப் பார்த்து, "இதக் கழுவலாமா சாமி?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

மாலையில் கடைக்குப் போய்ப் புது நிப்பிள் வாங்கி வந்தேன். சொட்டவில்லை. அவரிடம் காட்டினேன்.

"ம்" என்றார்.